ட்ராலிக்கு வீல் மாட்டும் முன்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பனியன் கம்பெனியிலோ சாயப்பட்டறையிலோ பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவருக்கு முதலில் தையல் மெஷினைக் காட்டுவார்கள், அப்புறம் கம்ப்ரசரைக் காட்டுவார்கள். ட்ராலி வீலை யாரும் காட்ட மாட்டார்கள். ஆனால் முதல் வாரத்திலேயே யாராவது வந்து, "தம்பி, இந்த வண்டி நகரவே மாட்டீங்குதுங்க, கொஞ்சம் பாருங்க" என்பார்கள். நாற்பது ட்ராலி ஓடும் இடத்தில் நூற்றறுபது வீல் இருக்கிறது. அதில் ஒன்று மக்கர் செய்தாலும் அந்தப் பாரம் ஒருவருடைய இடுப்பிலும் தோளிலும்தான் போய் விழுகிறது.

திருப்பூர்ப் பக்கத்துத் துணி யூனிட்டுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் கற்றுக்கொண்டது அங்கேதான். மருத்துவமனை, ஓட்டல் சமையலறை, சரக்குக் கிடங்கு என்று நீங்கள் எங்கே இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். தரையும் அழுக்கும் மட்டும்தான் இடத்துக்கு இடம் மாறும்.

பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடைக்காரரிடம் பேச இந்தச் சில பெயர்கள் போதும். தரையில் உருள்வது வீல். அதைக் கவட்டை போல இரண்டு பக்கமும் பிடித்திருப்பது ஃபோர்க். வீலையும் ஃபோர்க்கையும் கோர்ப்பது அச்சு போல்ட்டு. மேலே ட்ராலியோடு சேருவது பிளேட். சிலவற்றில் பிளேட்டுக்குப் பதில் மரை போட்ட தண்டு இருக்கும். பிளேட்டுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே குண்டுகள் உள்ள சுழல்தலை. அதன் நடுவில் எல்லாவற்றையும் பிடித்து நிற்பது கிங் பின். திரும்பாமல் நேராக மட்டும் ஓடுவது ஃபிக்ஸட் வீல், சுற்றிலும் திரும்புவது ரிவால்விங் வீல், மிதித்து நிறுத்துவது பிரேக் வீல்.

கடைக்குப் போகும் முன் ஒரு நடை

பழைய வீலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போய் "இதே மாதிரி நாலு கொடுங்க" என்று வாங்கி வருவதுதான் வழக்கம். அந்தப் பழைய வீலே தவறான தேர்வாக இருந்திருக்கலாம். அதனால் முதலில் அந்த ட்ராலியைச் சரக்கோடு நீங்களே தள்ளிப் பாருங்கள். அது தினமும் போகும் வழியில், தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு முறை போய் வாருங்கள்.

வழியில் என்னென்ன தடுக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். சிமென்ட் தரையில் இரண்டு வார்ப்புகள் சேரும் கோடு, வாசல்படியில் உயர்ந்து நிற்கும் கல், கழிவுநீர்க் கால்வாய் மேல் போட்ட இரும்புக் கம்பித் தட்டி, லிஃப்ட் வாசலில் உள்ள இடைவெளி, சாய்தளம். தரை எது? கோட்டா கல்லா, டைல்ஸா, எபாக்ஸி பூசியதா, வெறும் சிமென்ட்டா? ஈரமா, காய்ந்ததா? நூல் பிசிறு விழுமா, இரும்புச் சுருள் விழுமா?

கம்பித் தட்டியையும் லிஃப்ட் வாசலையும் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். ரிவால்விங் வீல் திரும்பி அந்தச் சந்துக்கு இணையாக நின்றுவிட்டால், சந்தைவிடக் குறுகலான வீல் அப்படியே உள்ளே இறங்கிவிடும். 30 மி.மீ. சந்தில் 25 மி.மீ. அகல வீல் விழுந்தால் சரக்கோடு ட்ராலி சாயும். சந்தைவிட அகலமான வீல்தான் வாங்க வேண்டும்.

தள்ளுகிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "எங்க சிரமமா இருக்கு, அக்கா?" என்று கேட்டால் கேட்லாக்கில் இல்லாத தகவல் கிடைக்கும்.

எடை: நாலால் வகுக்காதீர்கள்

நாலு வீல் இருப்பதால் மொத்த எடையை நாலால் வகுப்போம் என்றுதான் தோன்றும். தரை எங்கேயும் கண்ணாடி போல் சமமாக இருப்பதில்லை. ஏதாவது ஒரு கணத்தில் ஒரு வீல் தரையைத் தொடாமல் நிற்க, மற்ற மூன்றும்தான் பாரம் சுமக்கும். அதனால் மூன்றால் வகுக்க வேண்டும்.

சாயப்பட்டறை ட்ராலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெறும் ட்ராலி 45 கிலோ. அதில் 150 கிலோ துணி ஏற்றுவார்கள் என்று கணக்கில் இருக்கும். ஆனால் அது காய்ந்த துணியின் எடை. மெஷினிலிருந்து பிழியாமல் எடுத்த பருத்தித் துணி தண்ணீரோடு சேர்ந்து இரண்டு மடங்குக்கும் மேல் கனக்கும். 350 கிலோ என்று வைத்தால் மொத்தம் 395. மூன்றால் வகுத்தால் ஒரு வீலுக்கு 132 கிலோ. கொஞ்சம் இடம் விட்டு, ஒன்று 150 முதல் 200 கிலோ வரை தாங்கும் வீல் வாங்க வேண்டும். காய்ந்த எடையை வைத்து நாலால் வகுத்தவர் 50 கிலோ வீல் போதும் என்று முடிவு செய்திருப்பார். அவர் மாட்டிய வீலின் ஃபோர்க் ஆறு மாதத்தில் விரிந்துவிடும்.

கேட்லாக்கில் போட்டிருக்கும் தாங்குதிறன், சமமான தரையில் ஆள் நடக்கும் வேகத்துக்கு உரியது. ஐ.எஸ்.ஓ. 22883 என்ற தரநிலையே மணிக்கு 4 கி.மீ. வரையிலான உபயோகத்துக்கு என்று எல்லை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பேட்டரி வண்டியின் பின்னால் கொக்கி போட்டு இழுக்கப் போகிறீர்கள் என்றால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். அதற்கென்றே செய்த வீலைக் கேளுங்கள்.

விட்டம்: கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள்

என் அனுபவத்தில் ஒரு ட்ராலியை எளிதாக்க இதைவிட மலிவான வழி கிடையாது. மூன்று அங்குல வீலுக்கும் ஐந்து அங்குல வீலுக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு தடவைதான். தள்ளுகிறவருக்குக் கிடைக்கும் சுகம் ஒவ்வொரு நாளும் இருக்கும்.

கணக்காகவே பார்ப்போம். ஒரு வீலின் மேல் 100 கிலோ பாரம் இருக்கிறது. அது 10 மி.மீ. உயரமுள்ள ஒரு படிக்கல்லில் முட்டி நிற்கிறது. நின்ற இடத்திலிருந்து அதைக் கிடைமட்டமாகத் தள்ளி மேலே ஏற்ற, 3 அங்குல வீலுக்கு ஏறக்குறைய 93 கிலோ விசை வேண்டும். 4 அங்குலத்துக்கு 75. 6 அங்குலத்துக்கு 58. 8 அங்குலம் என்றால் 48 போதும். படிக்கல் அதேதான், பாரமும் அதேதான். சின்ன வீல் முட்டுகிற இடத்தில் பெரிய வீல் ஏறிப் போகிறது.

அதற்காக எல்லாவற்றுக்கும் 8 அங்குலம் மாட்ட முடியாது. வீல் பெரிதானால் ட்ராலியின் உயரமும் கூடும். 4 அங்குல வீலின் மொத்த உயரம், தரையிலிருந்து பிளேட்டின் மேல்பக்கம் வரை, ஏறக்குறைய 130 மி.மீ. 6 அங்குலத்துக்கு 190 மி.மீ. பக்கம் வரும். ட்ராலி ஆறு சென்டிமீட்டர் உயர்ந்தால் கட்டிங் டேபிளுக்கு அடியில் நுழையுமா, கைப்பிடி நெஞ்சுக்கு நேராக வந்துவிடுமா, உயரமாக அடுக்கிய சரக்கு சாயுமா என்று பார்க்க வேண்டும். ரிவால்விங் வீல் முழுவதும் சுற்றி வரும்போது ட்ராலியின் அடித்தட்டிலோ குறுக்குச் சட்டத்திலோ இடிக்கக் கூடாது. நடமாட்டம் அதிகமுள்ள ட்ராலிக்கு 5 அங்குலம், படியும் சந்தும் உள்ள வழிக்கு 6 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். 3 அங்குலத்தை மூலையிலேயே நிற்கும் ஸ்டாண்டுகளுக்கு விட்டுவிடுங்கள்.

எந்தப் பொருளால் ஆன வீல்

கெட்டியான வீல் எளிதாக உருளும், நிறைய தாங்கும், ஆனால் சத்தம் போட்டுத் தரையைக் கெடுக்கும். மெத்தென்ற வீல் சத்தமில்லாமல் ஓடும், தரையைக் காக்கும், ஆனால் தள்ளக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும். பொருள் தேர்வு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

நைலான் கெட்டி வகை. வழவழப்பான சிமென்ட் தரைக்கும் கனமான சரக்குக்கும் நல்லது. டைல்ஸ் மேல் ஓட்டினால் ஓரங்கள் உடையும். ஒரு கல் துண்டின் மேல் ஏறினால் "டக்" என்று கைப்பிடி வரை அதிரும். ஈரத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நைலான் தண்ணீரை உறிஞ்சி ஊதும். பேரிங் இல்லாமல் வெறும் துளையோடு அச்சில் மாட்டிய நைலான் வீல், சாயப்பட்டறையில் சில மாதத்தில் அச்சைக் கவ்விக்கொண்டு இறுகிவிடும். அந்த இடத்துக்குப் பாலிப்ரொப்பிலீன் வீல் பொருத்தம். அது பார்க்க நைலான் போலவே வெள்ளையாக இருக்கும், தண்ணீர் குடிக்காது, அமிலமும் காரமும் பட்டாலும் தாங்கும். தாங்கும் எடை நைலானைவிடக் குறைவு என்பதால் எடைக் கணக்கை மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

பி.யூ. வீல், அதாவது பாலியூரித்தேன், நைலான் அல்லது வார்ப்பிரும்பு நடுப்பகுதியின் மேல் வார்த்தது. டைல்ஸ், எபாக்ஸி, கோட்டா கல் மூன்றுக்கும் என் முதல் தேர்வு இதுதான். சத்தம் குறைவு, கறை விடாது, நல்ல எடை தாங்கும். ஆனால் வெந்நீரும் நீராவியும் நாள்தோறும் படும் இடத்தில் பி.யூ.வின் சில வகைகள் உள்ளுக்குள் சிதைந்து பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். பெயர்ந்து விழுந்த துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தால் ஈர பிஸ்கட் போல உதிரும். கடையில் வாங்கும்போதே ஈரமான இடம் என்று சொல்லி வாங்குங்கள்.

ரப்பர் வீல் சத்தமே இல்லாதது, கரடுமுரடான தரைக்கும் ஏற்றது. குறைந்த எடைதான் தாங்கும். பாரத்தோடு நாட்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தினால் தரையில் பட்ட பக்கம் தட்டையாகிவிடும். கறுப்பு ரப்பர் வெளிர் நிறத் தரையில் கோடு போடும். கறை விடாத சாம்பல் நிற வகை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கலாம்.

வார்ப்பிரும்பு வீல் பட்டறைக்கு உரியது. இரும்புச் சுருள் கிடக்கும் தரையில் பி.யூ.வும் ரப்பரும் அந்தச் சுருளைத் தனக்குள் பதித்துக்கொண்டு, அப்புறம் தரை முழுக்கக் கீறிக்கொண்டே போகும். இரும்பு அப்படிச் செய்யாது. பேக்கரி அடுப்புக்குள் போகும் ரேக்குகளுக்கு வெப்பம் தாங்கும் தனி வீல் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் தனி வீல் உண்டு. இந்த இரண்டு இடத்திலும் சாதாரண வீல் வேண்டவே வேண்டாம்.

ஃபோர்க்கின் உலோகத்தையும் பாருங்கள். காய்ந்த இடத்துக்குத் துத்தநாகம் பூசிய இரும்பு போதும். சாயப்பட்டறையில் ரியாக்டிவ் சாயத்துக்கு உப்பு நிறையக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் சொட்டும் தரையில் பூச்சு சீக்கிரம் போய்விடும். எஸ்.எஸ். 304 என்ற துருப்பிடிக்காத எஃகிலும் நாளாவட்டத்தில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். 316 அதைவிட நன்றாகத் தாங்கும், விலை கூடுதல். 304 வாங்கினால் ஷிஃப்ட் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

பேரிங்

வெறும் துளை, ரோலர் பேரிங், பால் பேரிங் என்று மூன்று வகை. எப்போதாவது நகரும் சாமானுக்கு வெறும் துளை போதும். தினமும் ஓடும் ட்ராலிக்குப் பால் பேரிங் வாங்குங்கள், தள்ளும்போதே வித்தியாசம் தெரியும். பேரிங்கின் மேல் 6202, 6203, 6204 என்று எண் இருக்கும். 6202-க்குத் துளை 15 மி.மீ., 6203-க்கு 17 மி.மீ., 6204-க்கு 20 மி.மீ. எண்ணோடு 2ஆர்.எஸ். என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். ஈரமும் பஞ்சும் உள்ள இடத்துக்கு அதுதான் வேண்டும். இசட்இசட் என்றால் தகரத் தடுப்பு மட்டும், தண்ணீர் உள்ளே போய்விடும்.

எது திரும்ப வேண்டும், எது நிற்க வேண்டும்

நீளமான நேர் வழியில் ஓடும் ட்ராலிக்கு இரண்டு ஃபிக்ஸட், இரண்டு ரிவால்விங். ரிவால்விங் இரண்டும் கைப்பிடிப் பக்கம் வர வேண்டும். இதை மாற்றி மாட்டிய ட்ராலிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். திருப்பும்போதெல்லாம் ஆள் பக்கவாட்டில் உடம்பை வளைத்து இழுத்துக்கொண்டிருப்பார். பிளேட்டைக் கழற்றி இடம் மாற்றினாலே சரியாகிவிடும், ஒரு பைசா செலவில்லை.

மெஷின்களுக்கு நடுவே குறுகலான சந்தில் போகும் ட்ராலிக்கு நாலுமே ரிவால்விங் வசதி. ஆனால் சாய்தளத்தில் அது பக்கவாட்டில் ஓடப் பார்க்கும். 12 அடிக்கு 1 அடி ஏறும் சாய்தளத்திலேயே 400 கிலோ ட்ராலியைப் பிடித்து நிறுத்த மட்டும் 33 கிலோ விசை வேண்டும். அந்தப் பாரத்தோடு வண்டி கோணலாகத் திரும்பினால் ஒருவரால் சமாளிக்க முடியாது. சாய்தளம் உள்ள வழி என்றால் ஃபிக்ஸட் இரண்டு கட்டாயம். கூட ஒரு ஆளும் வேண்டும்.

பிரேக்கை ரிவால்விங் வீலில், கால் எட்டும் கைப்பிடிப் பக்கத்தில் வையுங்கள். வீலை மட்டும் பிடிக்கும் பிரேக்கில், வீல் உருளாவிட்டாலும் தலை சுழன்று ட்ராலி ஆடிக்கொண்டிருக்கும். மேலே வைத்து வேலை செய்யும் மேசை, பளு ஏற்றும் ஸ்டாண்டு இவற்றுக்கு வீலையும் தலையையும் சேர்த்துப் பூட்டும் வகை வேண்டும். எந்த பிரேக்கும் நின்ற வண்டி நகராமல் இருக்கத்தான். ஓடும் வண்டியை மிதித்து நிறுத்துவதற்கு அல்ல. இதை வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள்.

அளவெடுத்து மாட்டுதல்

பிளேட்டில் உள்ள துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளவு வேண்டும். மையத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். ஒரு துளையின் இடது ஓரத்திலிருந்து அடுத்த துளையின் இடது ஓரம் வரை அளந்தால் அதே கணக்குதான். தண்டு வகை என்றால் மரையின் அளவு, எம்10-ஆ எம்12-ஆ என்பதையும் தண்டின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே மொத்த உயரம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் வேறு கம்பெனி வீலும் அப்படியே உட்காரும்.

வீல் பிளேட்டை நேராக ட்ராலிச் சட்டத்தில் வெல்டிங் வைத்துவிடுவது பரவலான பழக்கம். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் சுழல்தலையின் கிரீஸ் எரிந்துபோகும், குண்டுகள் ஓடும் பாதை நெளியும், வெல்டிங் கரண்ட் பேரிங் வழியாகப் போனால் குண்டில் குழி விழும். அடுத்த முறை வீல் மாற்ற கட்டர் வேண்டும். சட்டத்தில் ஒரு தடிமனான தகட்டை வெல்டிங் வைத்து, ஆற விட்டு, அதில் துளை போட்டு வீலை போல்ட்டில் மாட்டுங்கள். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போட்டால் அதிர்வில் எளிதில் கழலாது.

ஃபிக்ஸட் வீல்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று கடைசியில் பாருங்கள். இரண்டுக்கும் இடையே வீலின் முன் ஓரத்தில் ஒரு அளவு, பின் ஓரத்தில் ஒரு அளவு எடுங்கள். இரண்டு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ட்ராலி ஒரு பக்கமாக இழுக்கும், வீலும் ஓரத்தில் தேயும்.

பராமரிப்பு: முதல் எதிரி நூல்

கட்டிங்கிலிருந்து தையல் லைனுக்கு பண்டில் கொண்டு போகும் ஒரு அக்கா, ட்ராலியைக் கிளப்பும்போதெல்லாம் வலது முழங்காலை அடிச்சட்டத்தில் ஊன்றி ஒரு உந்து உந்துவார். அவருக்கு அது பழக்கமாகிவிட்டது, எங்களுக்கும் பார்த்துப் பழகிவிட்டது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ட்ராலியைப் பக்கவாட்டில் சாய்த்தேன். வீலுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும் மெஷின்) நூல் சுற்றிச் சுற்றி, கிரீஸும் பஞ்சும் சேர்ந்து, கறுத்துக் கெட்டியாகிக் கம்பளி வளையம் போல உட்கார்ந்திருந்தது. பிளேடால் அறுத்து எடுத்தபோது நாலு வீலிலிருந்தும் இரண்டு கை நிறைய வந்தது. உள்ளே எலாஸ்டிக் துண்டுகூட இருந்தது. சாப்பிட்டு வந்த அந்த அக்கா வழக்கம்போல முழங்காலை வைத்தார். வண்டி அவர் கையை விட்டு முன்னால் ஓடிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடிப் பிடித்தார்.

செய்முறை இதுதான். ட்ராலியைக் காலி செய்யுங்கள். கீழே அட்டை விரித்து, இரண்டு பேராகப் பிடித்து மெதுவாகச் சாயுங்கள். முதலில் கையால் ஒவ்வொரு வீலையும் சுற்றி விடுங்கள். எது சட்டென்று நிற்கிறதோ அதில் சாக்பீஸால் குறி போடுங்கள். குறி போட்டதன் அச்சு நட்டை இரண்டு ஸ்பேனர் வைத்துக் கழற்றி வீலை வெளியே எடுங்கள். பிளேடை வீலின் மேல் அழுத்தாமல், நூல் சுற்றிய திசைக்குக் குறுக்கே அறுத்தால் வளையமாகக் கழன்று வரும். மீதியைக் கொக்கி போல வளைத்த கம்பியால் இழுத்துவிடலாம். நெருப்பு வைத்து எரிக்க வேண்டாம். சீலும் வீலும் சேர்ந்து கருகும், துணி உள்ள இடத்தில் அது ஆபத்தும்கூட.

வீலை எடுக்கும்போது உள்ளே இருந்து ஒரு சின்ன இரும்புக் குழாய் நழுவி விழும். அதுதான் ஸ்பேசர். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் வீலை நெரிக்காமல் தடுப்பது அதுதான். அவசரத்தில் இதைத் தரையில் விட்டுவிட்டு மாட்டினால், இறுக்கினால் வீல் சுற்றாது, தளர்த்தினால் ஆடும். "புது வீல் போட்டும் சரியாகவில்லை" என்று வரும் புகார்களில் இதைத்தான் முதலில் பாருங்கள். ஸ்பேசரே இல்லாத வகை என்றால், பக்கவாட்டு ஆட்டம் நிற்கும் வரை மட்டும் நைலாக் நட்டை இறுக்கி, வீல் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பார்த்து விடுங்கள். நூல் அதிகமுள்ள பிரிவுக்கு, அச்சின் இரு முனையையும் மூடும் மூடி உள்ள வீல்களாக வாங்கினால் இந்த வேலை பாதியாகும்.

கிரீஸ் என்றால் என்.எல்.ஜி.ஐ. 2 (கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) என்று போட்ட லித்தியம் கிரீஸ் போதும். சுழல்தலையின் குண்டுகளுக்கும், சீல் இல்லாத ரோலர் பேரிங்குக்கும் போடுங்கள். சீல் வைத்த பேரிங்குக்குத் தேவையில்லை. பழையதைத் துடைத்துவிட்டுக் கொஞ்சமாகப் போடுங்கள். வழிகிற கிரீஸ் பஞ்சைப் பிடித்து வைக்கும், தரையில் சொட்டிக் கடைசியில் வெள்ளைத் துணியில் கறையாகப் போய் நிற்கும். துரு நீக்கும் ஸ்ப்ரேயைக் கிரீஸுக்குப் பதிலாக அடிக்காதீர்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும், உள்ளே இருந்த கிரீஸையும் கரைத்துவிட்டிருக்கும். அதேபோல் பிரஷர் பம்ப் வைத்து ட்ராலி கழுவும்போது தண்ணீரைச் சுழல்தலைக்கு நேராகப் பாய்ச்சக் கூடாது. கழுவினால், காய்ந்ததும் புது கிரீஸ் வைத்துவிடுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை? ஓவர்லாக் பிரிவில் வாரம் ஒரு முறை நூல் அறுக்க வேண்டியிருக்கும். மற்ற இடங்களில் மாதம் ஒரு முறை சாய்த்துப் பார்த்து, பிளேட் போல்ட்டுகளை இறுக்கினால் போதும். கிரீஸ் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஈரமான இடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ட்ராலிகளுக்கு பெயிண்ட்டால் எண் போட்டு ஒரு நோட்டில் தேதி எழுதிவைத்தால், எந்த ட்ராலி அடிக்கடி வருகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது

"கிரீச்" என்று இழுத்தால் அச்சோ துளையோ உலர்ந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டக்" என்றால் வீலில் தட்டையான இடம் விழுந்திருக்கிறது, அல்லது ஏதோ குத்தி நிற்கிறது. சுழல்தலையிலிருந்து "கரகர" என்றால் குண்டு உடைந்திருக்கிறது, அதற்கு வீலையே மாற்ற வேண்டும். வேகமாகத் தள்ளும்போது ஒரு வீல் மட்டும் நாய் வாலாட்டுவது போல இரண்டு பக்கமும் படபடவென்று ஆடினால் கிங் பின் தளர்ந்திருக்கிறது. நட் உள்ள வகையில் இறுக்கிப் பார்க்கலாம், ரிவெட் அடித்த வகையில் வழியில்லை. பிரேக் மிதித்தும் வழுக்கினால், வீல் தேய்ந்து பிரேக் கட்டை எட்டாமல் போயிருக்கும். சிலவற்றில் அதைச் சரிசெய்யும் திருகு இருக்கிறது. இல்லையென்றால் அந்த வீலின் காலம் முடிந்தது.

மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். மூன்று மி.மீ. தேய்ந்த வீலுக்குப் பக்கத்தில் புது வீல் போட்டால் ட்ராலி நொண்டும், பாரம் மூலைவிட்டமாக இரண்டு வீலில் போய் உட்காரும். ஒரு பக்கத்து ஜோடியையாவது சேர்த்து, அதே அளவு, அதே பொருளில் மாற்றுங்கள். கழற்றியதில் நன்றாக இருப்பதை இன்னொரு தேய்ந்த ட்ராலிக்குப் போடலாம்.

ஆபீஸ் நாற்காலியும் உங்களிடம்தான் வரும். அதன் வீல் தண்டு பெரும்பாலும் 11 மி.மீ. தடிமன், கையால் இழுத்தால் வந்துவிடும், அழுத்தினால் உட்காரும். கூடவே வருவது கம்பளத் தரைக்கான கெட்டி வீல். டைல்ஸ் தரைக்கு மேல்பூச்சு மெத்தென்று உள்ள வீல் மாற்றிக் கொடுத்தால் நாற்காலி வழுக்கி ஓடாது. அதில் சுற்றுவது தலைமுடி, அதே பிளேடுதான் மருந்து.

ஸ்டோரில் எப்போதும் ஒரு ஜோடி ரிவால்விங், ஒரு பிரேக், ஒரு ஃபிக்ஸட் இருக்கட்டும். யூனிட் முழுக்க ஒரே பிளேட் அளவுக்குக் கொண்டுவர முடிந்தால் இந்த நாலே எல்லா ட்ராலிக்கும் ஆகும். தூக்கிப் போடும் வீலிலிருந்து அச்சு போல்ட்டு, நைலாக் நட், ஸ்பேசர் மூன்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். நைலாக் நட்டை மட்டும் கையால் திருகிப் பாருங்கள்: கையாலேயே முழுவதும் ஏறிவிட்டால் உள்ளே உள்ள நைலான் வளையம் போய்விட்டது, அதைப் பழைய இரும்பில் சேர்த்துவிடுங்கள்.